தம்பி மனைவி காத்த ஓவியங்கள்

ஒரு கலைஞன் மறைந்த பின்பு அவன் படைப்புகள் யார் கையில் சேருகின்றனவோ, அவர்களைப் பொறுத்தே அவனுடைய இரண்டாவது வாழ்வு அமைகிறது. பாட்டனார் எழுதி வைத்த ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. பரணில் ஏற்றி, ஆண்டுக்கொருமுறை பூசையிட்டு, மற்ற நாள்களில் கரையானுக்கு விட்டுவைத்த குடும்பங்களும் உண்டு. ஆற்றில் விட்டவர்க்கும் பூட்டி வைத்தவர்க்கும் எண்ணத்தில்தான் வேறுபாடு; விளைவு ஒன்றே. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதொரு வழியைக் கண்டு, அதில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சோராமல் நடந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை, நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் ஜோஹன்னா வான்கோ-போங்கர். ஓவியர் வின்சென்ட் வான்கோவின் தம்பி மனைவி.

ஜோஹன்னா 1862ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் காப்பீட்டுத் தரகர். ஆங்கில மொழியை முறையாகப் பயின்று தேர்ச்சி பெற்ற ஜோஹன்னா, சில மாதங்கள் இலண்டனில் தங்கிப் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பணியாற்றினார். தாயகம் திரும்பிப் பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையானார். பதினேழு வயதிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர் அவர். வாழ்நாளின் இறுதியில் திரும்பிப் பார்க்கும்போது பெரிதாகவோ உயர்வாகவோ ஒன்றும் செய்யாமல் காலம் கழிந்துவிட்டது என்று சொல்ல நேருமோ என்னும் அச்சத்தை அந்த இளம் பெண் அதன் தொடக்கப் பக்கங்களிலேயே பதிந்து வைத்தார். அவ்வச்சம் எவ்வாறு தீரப் போகிறது என்பது அப்போது எவரும் அறியாதது.

அவருடைய அண்ணன் ஆண்ட்ரீஸ் பாரிஸ் நகரில் வேலையில் இருந்தார். அங்கே அவருக்கு நண்பரானவர் தியோ வான்கோ என்னும் ஓவிய வணிகர். தியோ 1887இல் ஜோஹன்னாவிடம் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அவரைச் சரியாக அறியாத ஜோஹன்னா மறுத்துவிட்டார். 1888ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது மனம் ஒன்றியது, மணம் உறுதியானது. அந்த மகிழ்ச்சியின் ஈரம் உலருமுன்னே, டிசம்பர் 23ஆம் நாள், தெற்கே ஆர்ல் நகரில் இருந்த தமையன் வின்சென்ட் சித்தம் கலங்கித் தம் காதை அறுத்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. புது மணமகளாகப் போகிறவரைப் பாரிஸில் விட்டுவிட்டுத் தியோ அண்ணனிடம் ஓடினார். தாம் புகப்போகும் வீட்டின் துயரம் எத்தகையது என்பதை ஜோஹன்னா திருமணத்துக்கு முன்பே அறிந்துகொண்டார். அறிந்தே அக்குடும்பத்துக்குள் வந்தார். 1889 ஏப்ரலில் திருமணம் நடைபெற்றது.

அவ்விரு சகோதரர்களிடையே ஓர் ஏற்பாடு இருந்தது. தியோ மாதந்தோறும் அண்ணனுக்குப் பணமும் வண்ணமும் துணியும் அனுப்புவார்; அண்ணன் வரைந்து முடித்த ஓவியங்களையெல்லாம் தம்பிக்கே அனுப்பிவிடுவார். தாம் பெறுவது பிச்சை ஆகாது, உழைப்புக்கு ஈடானது என்று வின்சென்ட் எண்ணிக்கொள்ள இவ்வேற்பாடு உதவியது. ஆனால் அந்த ஈட்டை வாங்குவார்தாம் இல்லை. வின்சென்ட் உயிரோடிருந்தபோது விலைபோனதாக உறுதியாகத் தெரியும் வண்ண ஓவியம், 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அன்னா போக் என்னும் ஓவியப் பெண்மணி 400 பிராங்குக்கு வாங்கிய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' ஒன்றே. மற்றவையெல்லாம் தியோவின் வீட்டில் தங்கின. சுவரில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியிலும் நிலைப்பெட்டிகளிலும் சுருள் சுருளாகக் கிடந்தன. ஜோஹன்னா குடித்தனம் நடத்தத் தொடங்கியது இந்தச் சுருள்களுக்கு நடுவில்தான்.

1890 ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பெரியப்பாவின் பெயரையே சூட்டினர். அப்போது சான் ரெமி மனநல இல்லத்தில் இருந்த வின்சென்ட், தம் தந்தையாரின் பெயரை வைத்திருக்கலாமே என்று கருதினார். ஆயினும் தம் பெயர் தாங்கிய மகவுக்கு அவர் உடனே ஒரு பரிசு வரையத் தொடங்கினார். நீல வானில் விரிந்த வாதுமைக் கிளைகளும் அவற்றில் வெண்ணிறப் பூக்களும் கொண்ட ஓவியம் அது. குளிர் முடியுமுன் முதலில் பூக்கும் மரம் வாதுமை. நோயிலிருந்தவர் புத்துயிரைப் பாடிய பாட்டு என்று அதைச் சொல்லலாம்.

மே மாதம் 17ஆம் நாள் வின்சென்ட் பாரிஸ் வந்து அவர்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினார். மெலிந்த நோயாளி ஒருவரை எதிர்பார்த்திருந்த ஜோஹன்னா, அகன்ற தோளும் தெளிந்த முகமும் கொண்டு, தம் கணவரைவிட உறுதியாகத் தோன்றிய மனிதரைக் கண்டு வியந்தார். அண்ணனும் தம்பியும் தொட்டிலருகே நின்று உறங்கும் குழந்தையைப் பேச்சின்றிப் பார்த்திருந்ததையும், இருவர் கண்ணும் நனைந்திருந்ததையும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பின்னர் ஆவேர் சிற்றூரில் ஒருநாள், மீண்டும் பாரிஸில் ஒருநாள் சந்தித்தனர். அவ்வளவே. எவருடைய புகழுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரோ, அவரை ஜோஹன்னா நேரில் கண்டது எல்லாம் சேர்த்து ஒரு வாரம்கூட இராது.

அதன் பிறகு நேர்ந்தவை விரைவாக நேர்ந்தன. ஜூலை 27 அன்று ஆவேரில் வின்சென்ட் தம்மைச் சுட்டுக்கொண்டார். 29ஆம் நாள் தம்பியின் அருகிருக்க உயிர்நீத்தார். அவருக்கு வயது 37. அண்ணனுக்கு ஒரு கண்காட்சி நடத்திவிட வேண்டுமென்று தியோ அலைந்தார். வணிகர்கள் இடம் தரவில்லை. இறுதியில் ஓவிய நண்பர் எமில் பெர்னாரின் துணையோடு தம் குடியிருப்பின் சுவர்களிலேயே ஓவியங்களை மாட்டினார். முன்னரே உடலில் இருந்த நோய் இப்போது மூளையைத் தாக்கியது. அக்டோபரில் வீழ்ந்தவர் எழவில்லை. 1891 ஜனவரி 25 அன்று, அண்ணன் இறந்து ஆறே மாதத்தில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவமனையில் தியோ காலமானார்.

ஜோஹன்னாவுக்கு அப்போது வயது 28. திருமணமாகி இரண்டாண்டுகூட நிறையவில்லை. மகனுக்கு முதல் பிறந்தநாள் வரவில்லை. கையிருப்பு சிறிது; ஓவியங்களோ பல நூறு. கூடவே, வின்சென்ட் தம்பிக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. தியோ அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எறியாமல் வைத்திருந்தார். சட்டப்படி இவையெல்லாம் கைம்பெண்ணுக்கும் மகவுக்கும் உரியவை. அன்றைய சந்தையில் அவற்றுக்கு மதிப்பு இல்லை என்பதால் இந்த உரிமைக்காக எவரும் பொறாமைப்படவும் இல்லை.

அவர் பாரிஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள புஸ்ஸம் என்னும் சிற்றூருக்கு வந்தார். அங்கே ஒரு வீட்டை எடுத்து, உணவும் உறைவிடமும் தரும் விடுதியாக நடத்தினார். அதுவே பிழைப்பு. ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் சிறுகதைகளை மொழிபெயர்த்துக் கொஞ்சம் பொருள் ஈட்டினார். விடுதியின் சுவர்களில் வின்சென்டின் ஓவியங்களை மாட்டினார். கூடத்துக் கணப்பின் மேலே, விளக்கொளியில் உழவர் குடும்பம் கிழங்கு பகிர்ந்துண்ணும் 'உருளைக்கிழங்கு உண்போர்' இடம்பெற்றது. விடுதிக்கு வந்தோர் அந்த ஓவியங்களின் நடுவே உண்டார்கள், உறங்கினார்கள்.

பகல் வேலைகள் ஓய்ந்த பிறகு அவர் கடிதங்களைப் படிக்கலானார். கணவரை நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினார். கணவர் எவரை அப்படி நேசித்தாரோ அவரைக் கடிதங்கள் வழியே காணலானார். பல கடிதங்களில் நாள் இல்லை. செய்திகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தவே ஆண்டுகள் தேவைப்பட்டன. அப்படிப் படிக்கப் படிக்க, வீட்டில் மாட்டியிருப்பவை குடும்ப நினைவுச் சின்னங்கள் மட்டுமல்ல, உலகம் காண வேண்டியவை என்ற துணிவு அவருக்கு உண்டாயிற்று. குழந்தையை வளர்ப்பது போலவே இந்தச் செல்வத்தைக் காப்பதும் காட்டுவதும் தியோ தமக்கு விட்டுச் சென்ற கடமை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

கலையுலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. ஆடவர் கூட்டம் அது. ஓவியம் கல்லாத இளங் கைம்பெண் விமரிசகர்களின் கதவைத் தட்டுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ரோலண்ட் ஹோல்ஸ்ட் என்னும் ஓவியர், ஒன்றும் அறியாமல் பள்ளிச் சிறுமி போல் ஆர்வக் கூச்சலிடுகிறார் என்ற பொருள்பட நண்பருக்கு எழுதினார். ஜோஹன்னா வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. தம்மை மறுத்தவர்களிடம் ஓவியங்களைக் காட்டினார். தேவைப்பட்ட இடத்தில் கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார். 1892இல் தி ஹேக் நகரில் யான் தோரோப் ஒரு கண்காட்சி அமைத்தார். அதே ஆண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் மற்றொன்று நடந்தது. அதை அமைத்தவர் அந்த ரோலண்ட் ஹோல்ஸ்டேதான். வாடிச் சாய்ந்த சூரியகாந்தி ஒன்றை அதன் விவரப் புத்தக அட்டைக்கு அவரே வரைந்தார். ஏளனம் செய்தவரையே ஊழியராக்கிய பொறுமை ஜோஹன்னாவுடையது.

அவருடைய வழிமுறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கணவர் தொடங்கிய குடும்பக் கணக்குப் புத்தகத்திலேயே விற்ற ஓவியங்களையும் பெற்ற தொகைகளையும் அவர் குறித்து வந்தார். வணிகர்களுக்கு ஓவியங்களை மொத்தமாகத் தள்ளிவிடவில்லை. கண்காட்சிக்கு அனுப்பும்போது விற்பனைக்கு உரியவற்றோடு, விற்பனைக்கு இல்லாத தலைசிறந்தவற்றையும் சேர்த்தே அனுப்பினார். உயர்ந்ததைக் கண்ட கண்ணுக்கு அடுத்ததன் அருமையும் புலப்படும் அல்லவா? சந்தையில் ஒரே சமயத்தில் மிகுதியாக இறக்காமல், சிலவாகவும் சீராகவும் விற்றார். பாரிஸ், பெர்லின் வணிகர்களோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் விலையைக் குறைக்க முயன்றவர்கள் தோற்றார்கள். பெட்டிகளில் அடைத்தல், காப்பீடு செய்தல், திரும்பி வந்தவற்றை எண்ணிப் பார்த்தல் என்று அவர் ஆற்றிய பணியில் பெரும்பகுதி கவிதைக்கு அப்பாற்பட்ட எழுத்தர் வேலை.

1901இல் யோஹான் கோஹன் கோஸ்ஸ்ஹால்க் என்னும் ஓவியரை அவர் மணந்தார். கலை விமரிசகருமான அவர் ஜோஹன்னாவைவிடப் பதினோரு வயது இளையவர். உடல் நலம் குன்றியவர். 1905 கோடையில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் கூடங்களை வாடகைக்கு எடுத்து, வின்சென்டின் 480க்கும் மேற்பட்ட படைப்புகளை ஜோஹன்னா காட்சிக்கு வைத்தார். அழைப்பிதழ் முதல் காவலாள் வரை அவரே ஏற்பாடு செய்தார். விவரப் புத்தகத்துக்கு முன்னுரை வழங்கியவர் கணவர். அதற்குப் பின்பு அவரை ஆர்வக் கூச்சலிடும் பெண் என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. இதே காலத்தில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியிலும் அவர் ஈடுபட்டு, உழைக்கும் பெண்களுக்காகப் பணியாற்றினார். 1912இல் இரண்டாம் கணவரும் மறைய, மறுபடியும் தனித்தவரானார்.

இனி எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். அந்தக் கடிதங்கள் ஓர் இலக்கியக் கருவூலம். வறுமை, தனிமை, பித்து, காது, துப்பாக்கி என்று வாசகரை ஈர்க்கும் யாவும் அவற்றைச் சுற்றி இருந்தன. அவற்றைத் தொடக்கத்திலேயே முழு நூலாக்கியிருந்தால் பணமும் பரபரப்பும் வந்திருக்கும். ஜோஹன்னா அவ்வாறு செய்யவில்லை. ஓவியங்கள் தம் காலில் தாமே நிற்கும் முன்னர் ஓவியரின் துயரத்தைப் பரப்புவது அவருக்கு இழைக்கும் அநீதி என்று கருதினார். சில பகுதிகளை மட்டும் இதழ்களுக்குக் கொடுத்துவிட்டு, முழுத் தொகுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைத்தார். 1914இல்தான் கடிதங்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. முன்னுரையாக வின்சென்டின் வாழ்வை அவரே எழுதினார். அதே ஆண்டில் தியோவின் உடலை உட்ரெக்டிலிருந்து எடுத்து வந்து ஆவேரில் அண்ணனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்வித்தார். கடிதங்களில் கூடியிருந்த இருவரும் மண்ணிலும் கூடினர்.

பின்னர், முதல் உலகப் போர் நடந்த காலத்தில் மகன் குடும்பத்தோடு நியூயார்க் சென்று 1919 வரை அங்கே வாழ்ந்தார். இளமையில் கற்ற ஆங்கிலம் இப்போது உதவிக்கு வந்தது. கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். தாயகம் திரும்பிய பிறகும், நடுக்குவாத நோய் உடலைத் தளர்த்திய பிறகும், அப்பணியை விடவில்லை.

1924இல் அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. இலண்டன் தேசிய ஓவியக்கூடம் சூரியகாந்தி ஓவியத்தை விலைக்குக் கேட்டது. வின்சென்ட் 1888 ஆகஸ்டில் ஆர்லில் வரைந்தது அது. மஞ்சள் மேல் மஞ்சளாக எரியும் அந்தப் பூக்களை ஜோஹன்னா முப்பதாண்டுகளுக்கு மேல் நாள்தோறும் பார்த்து வந்தார். முடியாது என்று முதலில் மறுத்துவிட்டார். பணத்தை அவர் பொருட்படுத்தவில்லை. விடுதி நடத்திப் பிழைத்த காலம் என்றோ கடந்துவிட்டது. ஆனால் கேட்டவர்கள் மீண்டும் கேட்டபோது, அந்தப் பெருங் கூடத்தில் வின்சென்டுக்காக நிற்கத் தகுந்த ஓவியம் அதைவிட வேறில்லை என்பதை அவர் மனம் ஒப்புக்கொண்டது. கொடுத்தார். வின்சென்டின் புகழுக்காகச் செய்யும் தியாகம் என்று கருதியே கொடுத்தார். விலை பெற்றுக் கொடுத்ததும் தியாகமாகுமா என்று கேட்போர், முப்பதாண்டு கண்ட சுவரில் மறுநாள் காலை வெற்றிடத்தைக் காணும் ஒருவரை எண்ணிப் பார்க்கட்டும்.

1925 செப்டம்பர் 2 அன்று லாரன் என்னும் ஊரில் ஜோஹன்னா காலமானார். வயது 62. மொழிபெயர்ப்பில் 526ஆம் கடிதம் வரை வந்திருந்தார். 34 ஆண்டுகளில் அவர் விற்றவை சுமார் 250 படைப்புகள். அவற்றின் வழியாகத்தான் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் வான்கோ குடியேறினார். விற்காமல் வைத்தவை அதைவிட மிகுதி.

பெரியப்பாவின் பெயர் தாங்கிய மகன் வின்சென்ட் வில்லெம் பொறியாளரானார். தாய் மறைந்த பிறகு அவர் ஓவியம் எதையும் விற்கவில்லை. கடிதங்களின் முழுத் தொகுப்பை 1950களில் பதிப்பித்தார். குடும்பச் சொத்தாகவே இருந்தால் வழிவழிப் பாகப்பிரிவினையில் அது சிதறும் என்பதை உணர்ந்து, 1962இல் நெதர்லாந்து அரசின் பொருளுதவியோடு வான்கோ அறக்கட்டளைக்கு மாற்றினார். 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1978இல் அவர் மறைந்தார். 200க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களும் சுமார் 500 கோட்டோவியங்களும் பல நூறு கடிதங்களும் கொண்ட அத்தொகுப்பு அங்கே பிரியாமல் இருக்கிறது. தொட்டிலில் கிடந்தபோது அவருக்குப் பரிசாக வந்த வாதுமைப் பூக்களும் அங்கேதான் இருக்கின்றன. அவை ஒருநாளும் விலைக்குப் போகவில்லை.

ஜோஹன்னாவின் பணியில் குறை காண்போரும் உண்டு. கடிதங்களைப் பதிப்பிக்கும்போது குடும்ப மானம் கருதிச் சில பகுதிகளை விட்டார். சில பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்கினார். இன்றைய பதிப்பியல் இதை ஏற்காது. ஆனால் விட்ட வரிகளையும் அவர் அழித்துவிடவில்லை. மூலங்களைக் காத்து வைத்தார். பின்வந்தோர் அவருடைய பதிப்பைத் திருத்த முடிந்தது அவர் காத்த தாள்களைக் கொண்டே. நெடுங்காலம் வான்கோ வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற அவருக்கு, 2019இல்தான் ஹான்ஸ் லௌட்டன் என்னும் ஆய்வாளர் எழுதிய விரிவான வரலாறு வாய்த்தது. பதினேழு வயதுப் பெண் நாட்குறிப்பில் கேட்ட கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்து விடை எழுதப்பட்டது.

கவிஞர்கள் நாம் எழுதி எழுதிச் சேர்க்கிறோம். நம் காலத்துக்குப் பிறகு அவை யார் கைக்குப் போகும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நம்முள் மறைந்தவர்களின் தாள்கள் நம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். அன்றாடம் படித்தல், வரிசைப்படுத்தல், காலம் கனியும் வரை பொறுத்தல், கனிந்த பின் நெஞ்சு நோவினும் கொடுத்தல் என்னும் நான்கையும் ஜோஹன்னா செய்து காட்டினார். எந்தப் பரணில் எவருடைய நோட்டுப் புத்தகம் காத்திருக்கிறது என்று, இம்மலரைப் படித்து மூடிய பிறகு, நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை ஏறிப் பார்ப்போமாக.